ஞாயிற்றுக்கிழமை கார்ட்

எங்கள் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்த ஊர்த் தம்பி, பொய் சொல்வதென்றால் முதலில் தொப்பியைக் கழற்றுவான். இதைச் சொன்னால் இப்போதும் பலர் சிரிக்கிறார்கள். என் மனிசனே முதலில் நம்பவில்லை. "உனக்கு எல்லாத்திலயும் ஒரு கதை இருக்கும்" என்றார். பிறகு தானே ஒருநாள் கண்ணால் கண்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் அதைக் கண்டுபிடித்தது என் இடியப்பத்தால். அது எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்ணில் எங்கட சாமான் விற்கும் கடை என்று ஒன்றும் கிடையாது. தெருவில் தூரத்தில் ஒரு சேலையைக் கண்டால் வீதியைக் கடந்து ஓடிப்போய்க் கதைக்கிற காலம். கோதுமை மாவை அவித்து, ஊரிலிருந்து கொண்டுவந்த உரலில் போட்டு, கை நோகப் பிழிந்தால் ரப்பர் நாடா மாதிரி ஏதோ வரும். அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை விடிய அவனுக்குக் கொடுப்பேன். அவன் குசினிக் கதிரையில் முழு உடுப்போடு இருப்பான். கறுத்தக் கோட், பித்தளைப் பொத்தான், முன்பக்கம் மினுங்கும் தொப்பி. ஒரு வாய் வைப்பான். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைப்பான். "நல்லாயிருக்குதக்கா" என்பான். திரும்பவும் தொப்பியைப் போட்டுக்கொள்வான்.

சம்பலைச் சாப்பிட்டால் தொப்பி அசையாது. "சம்பல் திறம்" என்பான், தொப்பியோடேயே.

சில கிழமை பார்த்துவிட்டுக் கேட்டேன். "இஞ்சை பார், இடியப்பத்தைப் புகழேக்கை மட்டும் ஏன் உனக்குத் தலை வேர்க்குது?"

அவன் பிடிபட்ட கள்ளன் மாதிரி முழித்தான். பிறகு சிரித்துவிட்டுச் சொன்னான். "அக்கா, தொப்பியோட பொய் சொல்ல ஏலாது. அப்பா பழக்கினது."

அவனுடைய தகப்பன் யாழ்ப்பாணப் பாதையில் கார்டாக இருந்தவர். கார்ட் என்றால் ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்று, எல்லாரும் ஏறியாயிற்றா என்று பார்த்து, விசில் ஊதிப் பச்சைக் கொடி காட்டுபவர். அந்த மனிசன் வீட்டில் ஒரு சட்டம் வைத்திருந்தாராம். ரயில்வே உடுப்போடு ஒருவன் சொல்வது சிக்னல் மாதிரி, பச்சை என்றால் பச்சைதான், பிழையாய்ச் சொன்னால் ஆட்கள் செத்துப்போவார்கள். ஆனபடியால் பொய் சொல்ல வேண்டிவந்தால் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொல்ல வேண்டும். "அப்பா கள்ளு அடிச்சிட்டு வாற நாளில வாசல் படலையடியிலயே தொப்பியைக் கழற்றிப்போடுவார். அம்மா தொப்பியைத்தான் முதல் பாப்பா. பேந்து அவர் என்ன சொன்னாலும் எடுபடாது" என்றான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

இவன் கார்ட் இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன். திங்கள் தொடக்கம் வெள்ளிவரை டண்டினோங் பக்கத்துக் கார்த் தொழிற்சாலை ஒன்றில் ஃபிற்றர். எண்ணெய் பிரண்ட உடுப்போடு வருவான், குளிப்பான், சாப்பிடுவான், படுப்பான். அந்த ஐந்து நாளும் வீட்டில் ஒரு ஆள் இருக்கிறதே தெரியாது. ஊரில் ரயில்வேக்கு இரண்டு தரம் விண்ணப்பித்தானாம். சிங்களம் பாஸ் பண்ணாமல் அரசாங்க வேலை இல்லை என்று ஆக்கிவிட்ட காலம். தகப்பனே அந்தச் சோதனைக்கு இருக்க மாட்டேன் என்று பிடிவாதமாய் நின்று, வேலையை விட்டு வந்து, தொப்பியைச் சுவரில் கொழுவி, கொஞ்சக் காலத்தில் கண்ணை மூடிவிட்டார். மகனுக்குக் கொடி பிடிக்கிற ஆசை மட்டும் மிச்சம்.

அந்த ஆசைக்கு இங்கே ஒரு வழி கிடைக்கும் என்று யார் கண்டது? நகரத்துக்குக் கிழக்கே, மலைப்பக்கம், காட்டுக்குள்ளால் ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. இரண்டரை அடி அகலத் தண்டவாளம், நிலக்கரியில் ஓடும் பழைய எஞ்சின். அரசாங்கம் வேண்டாமென்று கைவிட்ட பாதையை அந்தப் பகுதிச் சனம் தாங்களே சேர்ந்து புதுக்கி, வேடிக்கை பார்க்க வருபவர்களுக்காக விடுமுறை நாட்களில் ஓட்டினார்கள். இவன் வந்த புதிதில் ஊர் காட்ட அங்கே கூட்டிப்போனோம். எஞ்சின் கூவியதும் இவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஊரில் நித்திரைப் பாயில் கேட்ட அதே கூவல். நாங்கள் ஓடிப்போய் ஏறி, எல்லாரையும் போலச் சாளர விளிம்பில் குந்திக் காலைத் தொங்கவிட்டுக்கொண்டோம். ரயில் வெளிக்கிட்டு மரப்பாலமும் தாண்டிய பிறகுதான் தம்பியைக் காணவில்லை என்று தெரிந்தது. திரும்பி வந்து பார்த்தால், மேடையில் ஒரு தும்புத்தடியோடு நின்று கூட்டிக்கொண்டிருக்கிறான். "அத்தான், அடுத்த கிழமையும் வரச் சொல்லியிருக்கினம்" என்றான். என் மனிசன் தலையில் கை வைத்தார்.

கூட்டினான், கரி சுமந்தான், டிக்கெட் கிழித்தான். பிறகு அவர்களே வைத்த கார்ட் சோதனையில் பாஸ் பண்ணினான். சம்பளமா? ஒரு சதம் கிடையாது. அங்கே எல்லாருமே சும்மா வருகிறவர்கள்தான்.

அந்த உடுப்பைப் போட்டதும் அவன் வேறு ஆள். முதுகு நிமிர்ந்துவிடும். குரல் வந்துவிடும். ஒருநாள் மரப்பாலத்தில் ஒரு சின்னப் பெண்ணின் பொம்மை கீழே பள்ளத்துக்குள் விழுந்துவிட்டது. பிள்ளை அழுத அழுகையில் எஞ்சின் சத்தமே கேட்கவில்லை. இவன் போய்ப் பக்கத்தில் குந்தினான். தொப்பியைக் கழற்றினான். கீழே மரப்பொந்தில் பூனையளவு பொசம் ஒன்று குடும்பத்தோடு இருக்கிறது, பொம்மையை அவர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போயிருப்பார்கள், இந்நேரம் பால் கொடுத்திருப்பார்கள் என்று அவனுக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னான். பிள்ளை விம்மலை நிறுத்தியது. அவன் எழும்பித் தொப்பியைப் போட்டுக்கொண்டு, "மற்றவர்கள் தயவுசெய்து எட்டிப் பார்க்க வேண்டாம், இது மிகவும் உயரம்" என்றான். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

இன்னொரு நாள் புயலடித்துப் பாதையில் ஒரு பெரிய மரம் விழுந்துவிட்டது. வீதியும் மூடிவிட்டார்கள். அங்கே வேலை செய்தவர்கள் எல்லாரும் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் ஒருவரின் வீட்டில் தங்கிவிட்டார்களாம். இவன் மட்டும் மலை இறங்கி நடந்து, கோவா மூட்டை ஏற்றிய ஒரு காய்கறி லொறியில் தொற்றிக்கொண்டு, நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு இருக்கிற நேரத்தில் தோய்ந்துபோய் வந்து நின்றான்.

"விசரனோ நீ? அங்கேயே தங்கியிருக்கலாமே!" என்று ஏசினேன்.

"விடியப் போகேக்கை போட்டு வாறன் எண்டு சொன்னனான்தானே அக்கா."

"போகேக்கை 'போயிட்டு வாறன்' எண்டு எல்லாரும் சொல்லுறதுதானடா!"

"நான் தொப்பியோட சொன்னனான்" என்றான். துவாயை எடுத்து எறிந்தேன். சுடச்சுட ரசமும் கொடுத்தேன்.

இப்படிப்பட்டவனுக்குத்தான் அந்தப் போட்டோவால் வினை வந்தது. அங்கே ஒருவர் படம் எடுத்துக் கொடுத்தார். கடைசிப் பெட்டியின் வாசலில் இவன், கையில் பச்சைக் கொடி. சந்தோஷத்தில் ஒன்றும் விளக்காமல் தாய்க்கு அனுப்பிவிட்டான். தாய் வேறு என்ன நினைப்பா? மகன் வெள்ளைக்காரன் ரயில்வேயில் கார்ட் ஆகிவிட்டான்! படத்தை ஸ்ரூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, தகப்பனின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, கோயிலடியில் சந்தித்தவர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று. எங்கட சனத்துக்கு உத்தியோகம் என்றால் அரசாங்க உத்தியோகம்தான். சும்மா போய் ரயில் ஓட்டுகிற மனிசர் உலகத்தில் இருப்பார்கள் என்று யாருக்கு மனதில் வரும்?

"அக்கா, அது தொப்பியோட சொன்ன பொய்யாப் போச்சுது" என்றான். முகம் செத்துப்போயிருந்தது.

"எழுதிச் சொல்லன்."

"எப்பிடிச் சொல்லுறது? அப்பா செத்ததுக்குப் பிறகு இப்பத்தான் அம்மா தலை நிமிர்ந்து கோயிலுக்குப் போறா."

சொல்லாமல் இழுத்தடித்தான். அதற்குள் சம்பந்தம் வந்துவிட்டது. மானிப்பாய்ப் பக்கம் நல்ல குடும்பம், ரயில்வே மாப்பிள்ளை என்றதும் பிடித்துக்கொண்டது. பெண்ணின் படமும் வந்தது. அகன்ற கண், ஒற்றைப் பின்னல், இப்பத்தான் சிரித்து முடித்த முகம். அவன் அதைக் கோட்டின் உட்பையில் வைத்திருந்தான். ஒருநாள் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது தானாகவே சொன்னான். "இவ வந்தா முதல் நாளே கார்ட் பெட்டியில கூட்டிக்கொண்டு போவனக்கா. பாலத்தடியில கொடியை இவவின்ர கையில குடுப்பன்." தொப்பி தலையில் இருந்ததா என்று பார்த்தேன். இருந்தது.

பெண்ணின் மாமன் சிட்னியில் டொக்டர். மாப்பிள்ளையை நேரில் பார்க்க என்று மனிசியையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். நான் வீட்டுக்குக் கூப்பிட்டேன். அவருக்கோ உத்தியோகத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டுமாம். சரியென்று ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மலைக்குப் போனோம். டொக்டர் கோட், கழுத்துப்பட்டி. மனிசி காஞ்சிபுரம் உடுத்து, கரித்தூள் விழ விழத் தட்டிக்கொண்டே வந்தா. தம்பி விசில் ஊதி, கொடி காட்டி, ஓடிவந்து கடைசிப் பெட்டியில் தாவி ஏறினான். நானே பெண்ணாக இருந்தால் அந்த இடத்தில் ஓம் சொல்லியிருப்பேன்.

மலை உச்சி ஸ்ரேசனில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் நேரம் டொக்டர் தொடங்கினார்.

"தம்பி, நிரந்தர உத்தியோகம்தானே?"

"இல்லை ஐயா. ஞாயிற்றுக்கிழமை மட்டும்."

"ஓ, ஓவர்டைமோ? சம்பளம் எப்பிடி?"

நான் அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை தொப்பிவரை போனது. கழற்றடா, கழற்றித் தொலையடா என்று மனதுக்குள் கத்தினேன். ஒரு பொய்தானே, ஊர் உலகத்தில் சொல்லாத பொய்யா! கை தொப்பியின் விளிம்பைத் தொட்டது. பிறகு அதை நேராக்கிவிட்டு இறங்கியது.

"சம்பளம் இல்லை ஐயா. நான் ஃபக்டரியில ஃபிற்றர். இஞ்சை சும்மா வாறனான்."

"சும்மாவோ?"

"ஓம். எல்லாரும் சும்மாதான். அந்தா, எஞ்சின் ஓட்டுறவர் பல் டொக்டர்."

டொக்டர் எட்டிப் பார்த்தார். பல் டொக்டர் முகமெல்லாம் கரியோடு, பெரிய எண்ணெய்க்கானைத் தூக்கிக்கொண்டு எஞ்சினுக்கு அடியில் ஊர்ந்துகொண்டிருந்தார். டொக்டர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். இவர்களுக்கெல்லாம் மூளை சுகமில்லையோ என்று பார்க்கிற மாதிரி ஒவ்வொருவராகப் பார்த்தார். மனிசிதான் மெல்லக் கேட்டா, "அப்ப அம்மா சொன்னது?"

"அம்மாவுக்குத் தெரியாது. பிழை என்னில" என்றான்.

திரும்பி வரும் வழியெல்லாம் மனிசி சேலையில் விழுந்த கரியையே தட்டிக்கொண்டிருந்தா. இறங்கியதும் அவர்கள் நேரே காரில் ஏறிவிட்டார்கள். தம்பி பெட்டி பெட்டியாகப் போய், விட்டுப்போன குடை, தொப்பி ஏதும் கிடக்கிறதா என்று வழக்கம்போலப் பார்த்தான். அன்று வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும்போது பெண்ணின் படத்தை எடுத்து என்னிடம் நீட்டினான். "நீங்களே அனுப்பிவிடுங்கோக்கா, எனக்கு ஏலாது." நான் அழுதேன். அவன் அழவில்லை. அது இன்னும் கோபத்தைத் தந்தது.

"ஒரு பொய் சொன்னா உன்ர ரெயில் கவிண்டே போயிடும்?" என்று கத்தினேன்.

"ரெயில் கவிழாது அக்கா. அவ வந்து கவிண்டுபோவா" என்றான்.

டொக்டரின் கதை ஊருக்குப் போக முன்னம் தாய்க்குத் தானே சொல்ல வேண்டும் என்று, என் மனிசனின் கசெற் ரெக்கோடரைக் குசினி மேசையில் வைத்து உட்கார்ந்தான். அப்போதெல்லாம் ஊருக்குக் குரல் போகிற வழி அதுதான். வேலை நாள்தான், ஆனால் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் பேசினான். எல்லாவற்றையும் சொன்னான். கடைசியில், நான் உண்மையான கார்ட் இல்லை அம்மா, படத்தைக் கழற்றிவிடுங்கோ என்றான். நாடாவின் மறுபக்கத்தில் அடுத்த ஞாயிறு எஞ்சின் கூவலைப் பதிந்து அனுப்பினான்.

பதில் கசெற் வரும்வரை அவன் ஒழுங்காய்ச் சாப்பிடவில்லை. வந்ததும் மூன்று பேருமாய்க் கேட்டோம். பின்னால் காகம் கத்துகிறது, யாரோ கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறார்கள். தாயின் குரல் கிட்டத்தில் கேட்டது.

"தம்பி, நீ சொன்னதெல்லாம் விளங்கினது. சம்பளம் தராட்டி விடட்டும். நான் ஒண்டு கேக்கிறன். நீ கொடி காட்டினாத்தானே ரெயில் வெளிக்கிடும்? நீ காட்டாட்டி நிக்கும்தானே? அப்ப நீ கார்ட்தான். கொப்பரும் அதைத்தான் செய்தவர். படத்தை நான் கழற்றேல்லை. ரெயில் கூவினது கேட்டது மோனை. ஒருக்கா வந்து உடுப்போட என்ர கண்ணுக்கு முன்னால நில்லு."

அவன் எழும்பிப் பின்வளவுக்குப் போனான். அங்கே நின்று அழுதான். என் மனிசன் ரெக்கோடரை நிறுத்தவும் மறந்துபோய் இருந்தார். நாடா சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு அவனைப்போல ஒரு சந்தோஷமான மனிசனை நான் காணவில்லை. இரண்டு கோடை போனது. வெயில் கொளுத்தி, காட்டில் நெருப்பு மூட்டத் தடை போடும் நாட்களில் எஞ்சினைப் பற்றவைக்க மாட்டார்கள். அந்த ஞாயிறுகளில்கூட உடுப்போடு போய், வராத ரயிலுக்கு வந்து நிற்கும் சனத்துக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வருவான்.

பிறகு தந்தி வந்தது. தாய் கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. எழும்ப மாட்டா. அவனை விட்டால் அந்த மனிசிக்கு ஒருவரும் இல்லை. வேலையை விடுகிறேன் என்று அவன் அன்றே தொழிற்சாலையில் சொல்லிவிட்டான். வாழ்க்கையில் அவனுக்குக் கொடி பிடிக்கக் கிடைத்த ஒரே இடம் இந்த மலை. ஊருக்குப் போனால் யார் அவனைக் கார்ட்டாக வைப்பார்கள்? ஒரு சொல் புறுபுறுக்கவில்லை. அறையைக் கழுவித் துடைத்தான். கடைசி ஞாயிறு போய்க் கொடி காட்டிவிட்டு, உடுப்பை மடித்துக் கொடுத்தான். அவர்கள் தொப்பியை மட்டும் திருப்பிக் கொடுத்து, இது உன்னுடையது, அம்மாவிடம் காட்டு என்றார்களாம். பல் டொக்டர் கட்டிப்பிடித்து அழுதாராம்.

போன பிறகு சில கடிதங்கள் வந்தன. தாய் கதிரையில் நிமிர்ந்து இருக்கிறா என்றும், தொப்பியைப் போடச் சொல்லிப் பார்த்து, தானே கைநீட்டிச் சரிபண்ணினா என்றும் எழுதினான். பிறகு நாட்டில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். நாங்கள் போட்ட கடிதங்கள் திரும்பியும் வரவில்லை, பதிலும் வரவில்லை. ஊரிலிருந்து வந்தவர்களையெல்லாம் கேட்டேன். ஒருவர் வன்னியில் கண்டேன் என்றார். இன்னொருவர் இல்லை என்றார். இப்போதும் யாரும் வந்தால் அந்த மலைக்குக் கூட்டிப்போகிறேன். எல்லாரும் எஞ்சினைப் படம் எடுக்க முன்னுக்கு ஓடுவார்கள். நான் பின்னுக்குப் போய்க் கடைசிப் பெட்டி வாசலைப் பார்ப்பேன். எனக்கு அவனைப் பார்க்க வேணும். ஒருக்கா பார்த்தால் போதும்.

ஊருக்கு வெளிக்கிட்ட அன்று விமான நிலையத்துக்கு அவன் அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் வந்தான். சேர்ட்டும் சாதாரணக் காற்சட்டையும், தலையில் ரயில் தொப்பி. சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. "பெட்டிக்குள்ள வையன், பகிடி பண்ணுறாங்கள்" என்றேன். "நசிஞ்சுபோமக்கா" என்றான். சாமான் நிறுக்கும்போதும் கழற்றவில்லை. என் மனிசன் கை கொடுக்கும்போதும் கழற்றவில்லை.

உள்ளே போகும் வாசலில் வரிசை நகரத் தொடங்கியது. நான் ஒரு டப்பாவில் இடியப்பம் கட்டிக் கொடுத்தேன். "அம்மாவைப் பாத்திட்டு, அவ எழும்பினவுடன வந்திடு. பின்னறையை ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன். கெதியா வந்திடுவாய்தானே?"

அவன் டப்பாவை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். பிறகு கையை உயர்த்தி, மெதுவாகத் தொப்பியைக் கழற்றி, நெஞ்சோடு பிடித்துக்கொண்டான்.

"போட்டு வாறனக்கா" என்றான்.